அடுக்குப்பானைக்குப் பின்னால்

தடதடவென்று பானைகள் சரிந்து உடைந்த சத்தம் கேட்டபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. பங்குனி வெயில். ஆடுகள்கூட வேலி நிழலில் முடங்கிக் கிடந்தன. முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சத்தம் பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது. சொர்ணவல்லி தனியாக இருக்கிற பொம்பளை. சுவர் கிவர் இடிந்து மேலே விழுந்துவிட்டதோ என்னவோ.

"சொர்ணம், ஏடி சொர்ணம், என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. பானை சரிஞ்சிருச்சு. நீங்க உள்ள வராதீங்க, ஓடு காலைக் கிழிச்சிரும்."

வராதே என்றால் முதலில் வருகிறவள் முத்துமாரியம்மாள். குனிந்து நுழைந்தாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருட்டுத்தான் தெரிந்தது. பிறகு தரையெங்கும் பானையோடுகள், கொட்டிக் கிடந்த வரகு, அதன்மேல் புளி. மூலையில் சொர்ணவல்லி முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, குளிக்கிறவளுக்கு மறைப்புக் கட்டினவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

முந்தானைக்கு மேலே சிவப்பாக ஒரு மண் கொம்பு தெரிந்தது.

முத்துமாரியம்மாள் அவளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். இடுப்புக்கு மேல் உயரமான புற்று. ஒன்றோடொன்று சாய்ந்த மூன்று கொம்புகள். இத்தனை நாளும் அடுக்குப்பானை அதை மறைத்து நின்றிருக்கிறது. புற்று வளர்ந்து வளர்ந்து பானையை முட்டித் தள்ளியிருக்கிறது. ஊரே வெடித்துக் காய்ந்து கிடக்கிற வெயிலில் அதன் உச்சி மண் மட்டும் ஈரமாக இருந்தது.

"ஆத்தாடி" என்றாள் முத்துமாரியம்மாள், வாய்க்குள்ளேயே. அப்புறம் ஓடுகளையும் பார்க்காமல் மண்டியிட்டாள். நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள்.

குலவைச் சத்தத்துக்கு எழுந்து வராத தெரு எங்கே இருக்கிறது? அடுப்படி நிறைந்து, வீடு நிறைந்து, வாசல் வரைக்கும் கூட்டம் நின்றது. எத்தனை நாளாக இது இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சொர்ணவல்லி குனிந்து புளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அது வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சொர்ணவல்லிக்கு அந்தத் தெருவில் ஆகாதவர்கள் என்று யாரும் இல்லை. நெருக்கமானவர்கள் என்றும் யாரும் இல்லை. புருஷன் சிவசாமி பினாங்குக்குக் கப்பல் ஏறினவன். முதலில் சில வருஷம், ஊர் திரும்புகிறவர்கள் வாயாக அவனைப் பற்றி ஏதாவது சேதி வரும். ஒரு தடவை ஒரு சீட்டிச் சேலையும் வந்தது. பிறகு யுத்தம் வந்தது. அங்கிட்டு ஜப்பான்காரன் புகுந்துவிட்டான் என்றார்கள். அத்தோடு சேதி நின்றது. பிள்ளை இல்லை. தாலி கழுத்தில்தான் கிடக்கிறது. ஆனால் விசேஷ வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தயங்கினார்கள். தயங்குவது தெரிந்தால் அவள் மனசு நோகும் என்று கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். அவளும் போவதை விட்டுவிட்டாள்.

இலை தைப்பது அவள் பிழைப்பு. விடிகிற நேரத்தில் ஊருணிக்கரை ஆலமரத்துக்கோ கண்மாய்க்கரை ஆலமரத்துக்கோ போவாள். தொரட்டியால் இழுத்து முற்றின இலையாகப் பறித்துக் கட்டிக்கொண்டு வருவாள். வெயிலில் வாட்டி, கல்லுக்கடியில் அழுத்தி, ஈர்க்கை ஒடித்து ஒடித்துக் குத்தித் தைப்பாள். திருவரங்குளத்துக் கல்யாணங்களுக்கும், புதுக்கோட்டைக் காப்பி கிளப்புக்கும் அவள் தைத்த இலை வண்டியில் போகும். வெயில் ஏறினால் அடுப்படியில் உட்கார்ந்து தைப்பாள். காம்பும் கழிவும் மூலையில் சேரும். கறையான் வந்தது அந்தக் கழிவுக்குத்தான். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

முதலில் சுவரோரம் விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு ஓடியது. கூட்டித் தள்ளிவிடலாம் என்று விளக்குமாற்றோடு குனிந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த இலைமேல் தூறல் விழுகிற மாதிரி, விட்டு விட்டு, பொடிப் பொடியாக. வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். மழை இல்லை. திரும்பி வந்து மண்ணில் காதை வைத்தாள். உள்ளேயிருந்துதான் வந்தது. அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, "புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரிடம் சொன்னோம் என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு கழிவை அவளே மூலையில் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தாள். மண் எழும்ப எழும்பப் பானை அடுக்கை முன்னே நகர்த்தினாள். குங்குமம் வைக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை. கும்பிட வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று அவளை உலுக்கிவிட்டது. போன கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஊருணியில் ஒரு குடத்துக்கு அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாளிலும் புற்றின் உச்சியில் மண் குழைந்து ஈரமாக இருந்தது. இந்தத் தண்ணீரை எங்கே போய் எடுக்கின்றன? இந்தத் தரைக்கும் கீழே, தெருவுக்கும் கீழே, மனுஷன் தோண்டாத ஆழத்தில் எங்கேயோ ஈரம் இருக்கிறது. கண்ணில்லாத இந்தப் பூச்சிகள் இருட்டிலேயே இறங்கி, வாயில் அள்ளிக்கொண்டு, அவள் அடுப்படிக்கு வந்து சேர்கின்றன. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் சூடம் காட்டும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், அவளும் போட்டுக்கொள்வாள். இந்தச் சிலிர்ப்பு அங்கே வந்ததில்லை.

போன ஐப்பசியில் முதல் மழை விட்ட அந்தி. ஊரில் எல்லோரும் குழி தோண்டி விளக்கு வைத்து ஈசல் பிடித்தார்கள். அரிசியோடு வறுத்தால் அப்படி ஒரு ருசி. சொர்ணவல்லியின் அடுப்படி மூலையிலிருந்தும் ஈசல் பொங்கிக்கொண்டு கிளம்பியது. அவள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே வைத்தாள். கதவை விரியத் திறந்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தையும் தோளையும் உரசிக்கொண்டு அத்தனையும் வெளியே பறந்தன. பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வீட்டில் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் உதிர்ந்து கிடந்த இறக்கைகளைக் கூட்டி அள்ளிச் சுரைக்கொடிக்குப் போட்டாள்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் குலவை போடுவார்கள். இப்போது குலவை போட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அது அவள் வீடாக இல்லை. மஞ்சள் வந்தது, முட்டை வந்தது, சொம்பு சொம்பாகப் பால் வந்தது. புற்றடியில் சமஸ்தானத்துச் செப்பு அம்மன் காசுகள் சிதறிக் கிடந்தன. பூசாரி நாகராசு நிலைப்படியில் வேப்பிலை கட்டினார். அம்மன் இருக்கிற இடத்தில் புகை கூடாது என்று அடுப்பு மூட்டவும் தடை போட்டார். சொர்ணவல்லி வாசல் வேம்படியில் மூன்று கல்லைக் கூட்டி, காற்றுக்கு மறைப்பாகத் தொரட்டியில் பழைய சாக்கைக் கட்டி, கஞ்சி காய்ச்சினாள். உட்கார்ந்து இலை தைத்ததும் அங்கேதான்.

பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பிள்ளை வேண்டி வந்தவள், கட்டியோடு வந்தவள், மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுதவள். சொர்ணவல்லிக்கு அவர்கள்மேல் வருத்தம் இல்லை. அழ ஒரு இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஆனால் அவர்கள் ஊற்றிய பாலும் எண்ணெயும் வழிந்து வழிந்து மண் கறுத்து இறுகியது. மஞ்சள் பூச்சு ஏடுகட்டியது. உச்சியில் புது ஈரம் காணவில்லை. அந்தியில் கூட்டம் கலைந்த பிறகு அவள் காதை வைத்துப் பார்த்தாள். சிக்கு எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சிவசாமி போன பிறகு எத்தனையோ நாள் அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். இன்றைக்கு இருந்ததுபோல் ஒருநாளும் இல்லை.

கொழுந்தன் அய்யாக்கண்ணு நல்லவன்தான். அடுத்த தெருவில் இருந்தான். ஒரு காலையில் வேம்படிக்கு வந்து குந்தி உட்கார்ந்து, ஊரில் பேசிக்கொள்வதை மென்று மென்று சொன்னான். சித்திரை பிறந்ததும் கூரையைப் பிரிக்கப் போகிறார்கள். சுவரை எடுத்துக் கட்டி, அம்மனுக்கு வாசல் வைத்துக் கோயிலாக்கப் போகிறார்கள். அவளுக்குத் தன் மாட்டுக் கொட்டாயில் இடம் ஒதுக்குவதாகச் சொன்னான்.

"தெக்கு ஓரமா தட்டி வச்சு அடைச்சுத் தாரேன் மதினி. அங்கிட்டு மாடு, இங்கிட்டு நீங்க. நம்ம குடும்பத்துல அம்மன் எறங்கிருக்குன்னா சும்மாவா?"

"ஒங்கண்ணன் திரும்பி வந்தா இங்கதானே வந்து நிக்கும், தம்பி?"

அவன் தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். "கோயில் வீட்டுக்காரி எங்கன்னு கேட்டா ஊரே காட்டுமே மதினி" என்றான். அண்ணன் வருவான் என்று அவனும் நம்பவில்லை என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஊர்த்தலைவர் அம்பலம் நல்லதம்பி வந்தார். அவருக்குக் கயிற்றுக்கட்டில் போட்டார்கள். பூசாரி, அய்யாக்கண்ணு, தெருப்பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அம்பலம் கோபக்காரர் இல்லை. கூரை ஓலை அவளுக்கே, நிலையும் கதவும் அவளுக்கே, வருஷா வருஷம் திருவிழாவில் முதல் பிரசாதமும் அவளுக்கே என்று நியாயமாகத்தான் பேசினார். பேசி முடித்துவிட்டு, என்ன சொல்கிறாய் என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"அம்பலத்தய்யா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு தாயி."

"இது அம்மன்தான்னு யாரு சொன்னா?"

முத்துமாரியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பூசாரி சிரித்தார். கண்ணுக்கு எதிரே நிற்கிறதைப் பார்த்தும் கேள்வியா என்றார்.

"எலை தைக்கிற வீடுங்க. கறையான் புத்து வைக்காம என்ன செய்யும்? பூக் கட்டிப் போட்டு அம்மனையே கேட்டுருங்க. அம்மனுக்கு இந்த வீடு வேணும்னா நான் சட்டியத் தூக்கிட்டுப் போயிர்றேன்."

அம்பலம் தாடையைத் தடவினார். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அம்மனிடம் கேட்காமலே அம்மனுக்கு வீடு கட்டுவது ஒழுங்கில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப்பூ வந்தால் கோயில்.

"செவப்பு வந்தா வெறும் கறையான் புத்து. இடிச்சுத் தள்ளிட்டு அவ அடுப்பை அவ பத்த வச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இடிப்பதைப் பற்றி அவள் நினைத்தே பார்க்கவில்லை. வெள்ளை வந்தால் ஊர் எடுத்துக்கொள்ளும், சிவப்பு வந்தால் கடப்பாரை எடுத்துக்கொள்ளும். எந்தப் பூவும் அவளுக்கு என்று விழப்போவதில்லை. இலை தைக்கிற விரல் அன்றைக்கு நாலைந்து தடவை ஈர்க்குக் குத்தி ரத்தம் கண்டது.

செவ்வாய்க்கிழமை அடுப்படியில் நிற்க இடமில்லை. பூசாரி நந்தியாவட்டையும் செவ்வரளியும் கொண்டுவந்திருந்தார். பொட்டலம் கட்ட இரண்டு இலை வேண்டும் என்றார். இலைக்கார வீட்டில் இலைக்கா பஞ்சம் என்று யாரோ சிரித்தார்கள். சொர்ணவல்லி கட்டுக்குள் கையை விட்டு இரண்டு இலையை உருவிக் கொடுத்தாள். யோசித்துத்தான் எடுத்தாளா, கை தானாக எடுத்ததா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. ஒன்று ஊருணிக்கரை மரத்து இலை. இன்னொன்று கண்மாய்க்கரை மரத்து இலை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஆலிலைதான், ஒரே அகலம், ஒரே பச்சை. ஊருணி மரத்து இலைக்கு நரம்பு தடிப்பு, முதுகு சொரசொரக்கும். கண்மாய் மரத்து இலை வழவழவென்று இருக்கும்.

எல்லோரும் பார்க்க, பூசாரி ஊருணி இலையில் வெள்ளைப்பூவை வைத்து மடித்தார். கண்மாய் இலையில் சிவப்புப்பூவை வைத்து மடித்தார். இரண்டையும் வாழைநாரால் ஒரே மாதிரி கட்டிப் புதுக் கலயத்தில் போட்டார். துணியால் மூடிக் குலுக்கினார். இனி எது எது என்று அவருக்கே தெரியாது.

எடுப்பது சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும். முத்துமாரியம்மாளின் பேத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த இருட்டையும், மஞ்சள் பூசி நின்ற மண் கொம்புகளையும் பார்த்த பிள்ளை வீரிட்டு அழுதது. பாட்டி கழுத்தைக் கட்டிக்கொண்டு கலயத்தின் பக்கமே திரும்ப மாட்டேன் என்றது. வேறு ஒரு பிள்ளையைத் தேடினார்கள். கூட்டி வந்த பிள்ளையும் இது அழுவதைப் பார்த்து அழுதது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்பலம் பொறுமை இழந்து, கேட்டவள் அவள்தானே, வீட்டுக்காரியே எடுக்கட்டும் என்றார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

சொர்ணவல்லி கண்ணை மூடிக்கொண்டு துணிக்கடியில் கையை விட்டாள். விரலில் முதலில் பட்டது சொரசொரப்பு. உதடு அசைந்தது. அம்மனை வேண்டுகிறாள் என்று பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் அந்தப் பொட்டலத்தை விட்டாள். அடுத்ததை எடுத்துப் பூசாரியின் கையில் வைத்தாள்.

வாழைநாரை அவிழ்த்தார். செவ்வரளி.

பிறகு கூட்டம் கோயில் தேர் போன தெருவாகக் கலைந்தது. பூசாரி காசுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வேப்பிலையை அவிழ்த்தார். முத்துமாரியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. முதலில் குலவை போட்டது அவள்தானே. அய்யாக்கண்ணு கடப்பாரையை எடுத்துவரக் கிளம்பினான். வேண்டாம் என்றாள் சொர்ணவல்லி. கடப்பாரையை மட்டும் கொடு, என் அடுப்படி, என் கையால் இடித்துக்கொள்கிறேன் என்றாள்.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடை கூடையாக மண்ணைச் சுமந்துபோய் ஊர்க் குப்பைமேட்டில் கொட்டினாள். வாய்க்குத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பாவம் என்று, முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுங்கிப் போனார்கள். அம்மன் வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீடு அல்லவா? அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்க யாருக்கும் ஒரு காரியமும் இருக்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு கோடைமழை கொட்டியது. மழை விட்ட கையோடு, சொர்ணவல்லி சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, முத்துமாரியம்மாள் சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள். உட்காரவில்லை. மூடின கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி விரித்தாள்.

"இது என்னடி?"

கையில் கறுப்பு மண். ஈரத்தில் கரி விரலில் ஒட்டியிருந்தது.

"கேப்பைக் குதிருக்குப் பூசலாம், புத்து மண்ணுன்னா பூச்சி அண்டாதுன்னு குப்பமேட்டுக்குப் போனேன். நீ கொட்டுன எடத்துல மழைத்தண்ணி மையா ஓடுது. புத்து மண்ணு செவப்புல்லடி?"

சொர்ணவல்லி சோற்றைப் பிசைந்தாள். முத்துமாரியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். புது அடுப்பு, பச்சைமண் வாடைகூடப் போகவில்லை. பழைய அடுப்பும் அடுப்புமேடையும் இடிபட்டு, அந்த இடம் சமதளமாகக் கிடந்தது. மூலையில் புதுப் பானைகள் அடுக்கி நின்றன, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. அவள் போய் மேல்பானையை இறக்கினாள்.

புற்று இருந்தது. மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் பக்குவமாகச் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தன. உச்சியில் புது மண், சிவப்பாக, ஈரமாக. அடியில் ஒரு கை இலைக்காம்பு.

"பூவு செவப்பு விழுந்துச்சேடி."

"விழல. எடுத்தேன். எங்கையால பறிச்ச எலை எனக்குத் தெரியாதாக்கா?"

முத்துமாரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாமியையே ஏமாற்றிவிட்டாயே பாவி, இது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அம்பலத்திடம் நான் சொல்லாமல் இருக்க முடியுமா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தித் தலையைச் சாய்த்தாள்.

"என்னடி சத்தம், திரும்ப மழையா?"

"மழை விட்டுருச்சுக்கா."

முத்துமாரியம்மாள் மெல்ல மூலைப்பக்கம் நகர்ந்து, பானையைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். காய்ந்த இலைமேல் தூறல் போடுகிற மாதிரி, விட்டு விட்டு, பொடிப் பொடியாக. அவள் வெகுநேரம் அசையவில்லை. கையிலிருந்த கரிமண் அவளறியாமல் தரையில் உதிர்ந்தது. பிறகு பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"இம்புட்டும் தெரிஞ்சுமா சாமி இல்லைன்னு பூவைச் சொல்ல வச்ச? வெள்ளையவே எடுத்திருந்தா ஊரே வந்து கும்பிட்டிருக்குமேடி."

சொர்ணவல்லி தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இறக்கின பானையை எடுத்தாள். மூலையை மறைத்துப் பழையபடி அடுக்கினாள்.

"ஊருக்குச் சாமி கெடச்சிருக்கும்க்கா. எனக்கு யாரு இருந்திருப்பா?"